லீட் கிட்டார் பதிவு: மைக்கா, லோட் பாக்ஸா, பிளக்இன்னா?

லீட் எலக்ட்ரிக் கிட்டாரை (சோலோவும் மெலடியும் வாசிக்கும் கிட்டார்) பதிவு செய்ய இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஆம்பின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைக்கலாம். டியூப் ஆம்பை, ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் லோட் பாக்ஸில் இணைத்து, ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் எடுக்கலாம். கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டுபோகும் பெட்டி) செருகி, ஆம்ப் போல ஒலிக்கும் மென்பொருளான பிளக்இன்னில் வாசிக்கலாம். இவற்றில் எது நல்ல சவுண்ட் தரும் என்று கேட்டால் முடிவுக்கு வர முடியாது, ஏனென்றால் மூன்றிலுமே அருமையான சவுண்ட் எடுக்க முடியும். லீடுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசிப்பவர் காதுக்கு என்ன வருகிறது?

ரிதம் வாசிப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். லீட் வாசிப்பவர் ஒவ்வொரு நோட்டையும் கேட்டுக்கேட்டுத்தான் பெண்டை (ஸ்ட்ரிங்கை இழுத்துச் சுருதியை ஏற்றுவது) எவ்வளவு இழுப்பது, வைப்ராட்டோவை (சுருதியின் அசைவு) எப்போது தொடங்குவது, நோட்டை எங்கே விடுவது என்று முடிவெடுக்கிறார். காதுக்கு வரும் ஒலி தாமதமானாலும், வறண்டு கிடந்தாலும், சஸ்டெய்ன் இல்லாமல் சீக்கிரம் அடங்கிப்போனாலும் வாசிப்பே மாறிவிடும். டோனை மிக்ஸில் திருத்தலாம், வாசிப்பைத் திருத்த முடியாது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலை வைத்தே போகிறது.

எந்த வழியானாலும் ஒரு டிஐ டிராக்

மைக் வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, லோட் பாக்ஸானாலும் சரி, கிட்டாரிலிருந்து வரும் சுத்தமான சிக்னலை (இதைத்தான் டிஐ என்கிறோம்) தனி டிராக்கில் கூடவே பதிவு செய்துவிட வேண்டும். டிஐ பாக்ஸின் துரூ அவுட்டிலிருந்து ஆம்புக்கு ஒரு கேபிள், அதன் மைக் லெவல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான் வேலை. மறுநாள் டோன் பிடிக்காமல் போனாலும் வாசிப்பு கையில் இருக்கும்.

இதில் அதிகம் தவறுவது இன்புட் தேர்வில். பாசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப் உள்ள கிட்டாருக்கு சுமார் 1 மெகாஓம் இம்பீடன்ஸ் (மின்தடுப்பு) உள்ள ஹை-இசட் இன்புட் தேவை. சாதாரண லைன் இன்புட் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். அதில் செருகினால் பிக்கப்பின் ரெசனன்ஸ் முனை அமுங்கி, மேல் அலைவரிசைகள் மங்கிவிடும். பின்னால் எந்த ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) போட்டாலும் அந்தத் துடிப்பு அப்படியே திரும்பாது. கேபிள் நீளமும் இதே வேலையைச் செய்கிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே 3 மீட்டர் போதும் என்றால் 10 மீட்டர் கேபிள் வேண்டாம்.

24 பிட் பதிவில், பலமாக அடிக்கும் நோட்கள் -12 டெசிபெல் அருகே வந்தால் போதும். லீடில் பிஞ்ச் ஹார்மோனிக்கும் (பிக்கோடு கட்டைவிரல் உரசி எழும் கீச்சு நோட்) பலமான பிக் அடியும் திடீரென்று எகிறும். டிஐ டிராக் ஒரு இடத்தில் கிளிப் ஆனாலும் (அளவு மீறி ஒலி முறிந்தாலும்) ஆம்ப் பிளக்இன் அந்த முறிவைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஸ்ட்ரிங்குகளைப் பதிவுக்கு முந்தைய நாள் மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு வைப்பது நல்லது. இன்டோனேஷனை (மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது) 12ஆவது ஃபிரெட்டில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். சோலோ 15 முதல் 20 வரையான ஃபிரெட்டுகளில் இருந்தால் அங்கேயும் டியூனரில் பாருங்கள். ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) மிகத் தாழ்வாக இருந்தால் மேல் ஃபிரெட் பெண்டுகள் பாதி வழியில் அடுத்த ஃபிரெட்டில் உரசி அணைந்துபோகும். அது ஆம்பின் குறை போலவே கேட்கும் என்பதால் பலர் கெயினை (சிக்னலைப் பெருக்கி டிஸ்டார்ஷன் தரும் அளவு) ஏற்றிக்கொண்டே போவார்கள், பயன் இருக்காது.

மைக் வழி

ஸ்பீக்கர் உண்மையாகவே காற்றைத் தள்ளும்போது கிட்டாரின் உடலும் ஸ்ட்ரிங்கும் சேர்ந்து அதிர்கின்றன. பிடித்த நோட் அணையாமல் நின்று, மெல்ல ஃபீட்பேக்காக மாறி, ஓர் ஆக்டேவ் மேலே மலரும் அந்த அனுபவம் சத்தமான ஆம்பிலிருந்துதான் இயல்பாக வரும். நீண்ட நோட்களை நம்பி நிற்கும் மெதுவான சோலோவுக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. வேகமான, நெருக்கமான நோட்கள் கொண்ட சோலோ என்றால் இந்த லாபம் பெரும்பாலும் வீண், ஏனென்றால் எந்த நோட்டும் மலரும் அளவுக்கு நிற்பதில்லை.

தடை சத்தம்தான். சிறிய ஆம்ப் வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல் மட்டும். 50 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 10 டெசிபெல் குறையும், காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும். முழு வால்யூமில் வைத்த 5 வாட் ஆம்ப், அடுக்குமாடி வீட்டில் இன்னும் தாங்க முடியாத சத்தம்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம், 100 டெசிபெலில் 15 நிமிடம். ஆம்ப் இருக்கும் அறையில் நின்று டேக் மேல் டேக்காக வாசிப்பவர் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும்.

மைக் என்றால் தொடங்க ஷூர் எஸ்எம்57 போதும். 1965இல் வந்த இந்த டைனமிக் மைக்குக்கு 5 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு மேடு உண்டு. கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று சரிவதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இரண்டாவது சாய்ஸாக ராயர் ஆர்-121 போன்ற ரிப்பன் மைக். அது மேல் பகுதியை மென்மையாகவும் நடுப் பகுதியைத் தடிமனாகவும் எடுக்கும், லீடின் உச்ச நோட்கள் காதைக் குத்தாது. பாசிவ் ரிப்பன் மைக்குக்கு ஃபாண்டம் பவரை (மைக் கேபிள் வழியே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) அணைத்து வையுங்கள், வயரிங் பிழையுள்ள கேபிளோடு 48 வோல்ட் போனால் ரிப்பன் கெட்டுவிடலாம். கொஞ்சம் பருமனான நடுப்பகுதி வேண்டுவோருக்கு சென்ஹைசர் எம்டி 421 நல்ல மைக், அதில் பாஸைக் குறைக்கும் ஐந்து நிலை ஸ்விட்சும் இருக்கிறது.

ஆனால் எந்த மைக் என்பதைவிட மைக் எங்கே என்பதுதான் டோனை அதிகம் மாற்றும். செய்முறை இது. டார்ச் லைட்டை கிரில் துணியில் ஒட்டிப் பிடித்து ஸ்பீக்கர் கோனையும் நடுவில் உள்ள டஸ்ட் கேப்பையும் கண்டுபிடியுங்கள். கேப்பின் விளிம்பு கோனைத் தொடும் இடத்துக்கு நேராக, துணியிலிருந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் தூரத்தில் மைக்கை வைத்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை ஏறும், வெளிப்புறம் நகர்த்தினால் இருளும். 1 சென்டிமீட்டர் மாற்றமே தெளிவாகக் கேட்கும். லீடுக்கு விளிம்பிலிருந்து இன்னும் 1 அல்லது 2 சென்டிமீட்டர் வெளியே போவது பெரும்பாலும் சரியாக அமைகிறது. ரிதமுக்குத் தேவைப்படும் கூர்மை, 15ஆவது ஃபிரெட்டுக்கு மேல் வாசிக்கும்போது ஊசியாகிவிடும். தூரத்தை 2 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு மாற்றினால் பிராக்ஸிமிட்டி எஃபெக்ட் (மிக அருகில் வைத்த மைக்கில் பாஸ் கூடுவது) குறைந்து பாஸ் இறங்கும். லீடுக்கு அந்தப் பாஸ் தேவையே இல்லை, எனவே தயங்காமல் பின்னே இழுக்கலாம்.

டோனை ஆம்ப் முன்னால் நின்று தீர்மானிக்கக் கூடாது. நம் காது ஸ்பீக்கருக்கு மேலே, பக்கவாட்டில், ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. மைக்கோ நேர் எதிரே ஒட்டி நிற்கிறது. இரண்டும் கேட்பது வெவ்வேறு ஒலி. அதே அறையில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்பதும் ஏமாற்றும், ஆம்பின் நேரடிச் சத்தம் உள்ளே கசிந்து பாஸைக் கூட்டிக் காட்டும். பதிவு செய்து, ஆம்பை நிறுத்தி, மானிட்டரில் பாட்டோடு சேர்த்துக் கேட்டுவிட்டு மைக்கை நகர்த்துவதே வழி.

இரண்டு மைக் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் ஃபேஸை (இரண்டு மைக்கின் ஒலி அலைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதை) முதலில் பார்க்க வேண்டும். ஒலி 1 மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஒரு மைக் மற்றதைவிட 2.5 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழும், அது பெரிதாகத் தெரியாது. 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் பள்ளம் 1 கிலோஹெர்ட்ஸில், லீடின் உயிர் இருக்கும் இடத்திலேயே விழும். சரிசெய்ய, ஒரு மைக்கின் போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ் மைனஸை) புரட்டிவிட்டு, இரண்டையும் சம அளவில் வைத்து, ஒலி மிக மெலிந்து கேட்கும் வரை ஒரு மைக்கை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அந்த இடத்தில் நிறுத்திப் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டால் முழுத் தடிமனும் வந்துவிடும். இதற்குப் பொறுமை இல்லை என்றால் ஒரே மைக்கில் எடுப்பது மேல்.

லோட் பாக்ஸ் வழி

விரும்பும் டியூப் ஆம்ப் கையில் இருக்கிறது, சத்தம் போட முடியாது என்பவருக்கான வழி இது. ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை லோட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு பவரை வெப்பமாக்கி விடுகிறது, சிக்னலில் சிறு பகுதியை லைன் லெவலில் இன்டர்ஃபேஸுக்குத் தருகிறது. ஸ்பீக்கரும் மைக்கும் செய்யும் வேலையை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஐஆர் கோப்பு ஒன்று செய்கிறது.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது பாதுகாப்பு: டியூப் ஆம்பை லோட் இல்லாமல் ஒருபோதும் வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தம் எழும்பி டிரான்ஸ்ஃபார்மரோ டியூப் சாக்கெட்டோ எரிந்துபோகலாம். 8 ஓம் அவுட்டுக்கு 8 ஓம் லோட், இணைப்பதற்குக் கிட்டார் கேபிள் அல்ல, ஸ்பீக்கர் கேபிள். முழுக்க ஏற்றி வாசித்தால் 50 வாட் ஆம்ப் தன் அளவைத் தாண்டித் தரக்கூடும், எனவே 100 வாட் தாங்கும் பாக்ஸாகப் பாருங்கள்.

இரண்டாவது, வெறும் ரெசிஸ்டர் கொண்ட லோடைவிட ரியாக்டிவ் லோட் மேல். உண்மையான ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே அளவில் நிற்பதில்லை, 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு குன்று போல எழும், பிறகு மேல் அலைவரிசைகளில் மெல்ல ஏறும். டியூப் ஆம்ப் அதற்கேற்ப நடந்துகொள்கிறது. அந்த ஏற்ற இறக்கம் இல்லாத லோடில் ஒலி தட்டையாகவும் விரலுக்குக் கீழே கொஞ்சம் விறைப்பாகவும் வரும்.

மூன்றாவது, ஐஆர் தேர்வு. ஆம்ப் தலையை மாற்றுவதைவிட ஐஆரை மாற்றுவது டோனை அதிகம் மாற்றும் என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே உணர்ந்துவிடலாம். அந்தச் சக்தியே ஆபத்தும்கூட: நூற்றுக்கணக்கான கோப்புகளைப் புரட்டி ஒரு மாலை போய்விடும். செலஸ்டியன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்களில் வின்டேஜ் 30 ஒன்று, கிரீன்பேக் ஒன்று, ஒவ்வொன்றிலும் டைனமிக் மைக், ரிப்பன் மைக் என்று நான்கே ஐஆர் எடுத்து, பாட்டோடு ஓடவிட்டு ஒன்றைத் தேர்ந்து, மற்றதை மூடிவிடுங்கள். வின்டேஜ் 30க்கு மேல்-நடுப்பகுதி முன்னே நிற்கும், அடர்ந்த மிக்ஸில் லீட் வெட்டிக்கொண்டு வர உதவும். கிரீன்பேக் சற்று மென்மை, இடைவெளி அதிகமுள்ள பாட்டுக்குப் பொருந்தும். இரண்டு ஐஆரைக் கலந்தால் மைக்குக்குச் சொன்ன ஃபேஸ் சிக்கல் இங்கேயும் வரும்.

ஐஆர் ஒரு நிலையான படம். சத்தத்தில் ஸ்பீக்கர் கோன் தானே முறுகி ஒலியை அமுக்குவதை அது காட்டாது. அதனால் லோட் பாக்ஸ் பதிவு மைக் பதிவைவிடச் சற்று விளிம்பு கூர்ந்து கேட்கலாம். டேப் சாச்சுரேஷன் பிளக்இன் ஒன்றை மிகக் குறைவாகச் சேர்த்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். அறையில் சத்தமே இல்லாததால் ஃபீட்பேக் சஸ்டெய்னும் கிடையாது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மானிட்டரை ஓரளவு ஏற்றி, அதன் முன்னால் கிட்டாரோடு நின்றால் கொஞ்சம் திரும்பி வரும்.

பிளக்இன் வழி

செலவும் சத்தமும் குறைந்த வழி, இன்றைக்குத் தரத்திலும் தாழ்ந்ததல்ல. நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற திறந்த மூல மென்பொருள் வந்த பிறகு, நல்ல ஆம்ப் ஒலிக்குப் பணம் ஒரு தடையாக இல்லை. தடை மூன்று இடங்களில் இருக்கிறது: லேட்டன்சி (வாசித்தது காதுக்கு வர ஆகும் தாமதம்), இன்புட் அளவு, முடிவெடுக்காமை.

லேட்டன்சியைக் கணக்கிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுக்கும் ஒலித் துண்டு) என்றால் 2.7 மில்லி விநாடி. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, கன்வெர்ட்டரும் டிரைவரும் எடுக்கும் நேரம் சேர்த்தால் மொத்தம் பெரும்பாலும் 7 முதல் 10க்குள் வரும். ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி காதுக்கு வர கிட்டத்தட்ட 9 மில்லி விநாடி ஆகிறது, எனவே 10க்குள் இருந்தால் பெரும்பாலோர் சமாளிக்கலாம். 256 சாம்பிளுக்குப் போனால் வேகமான லைன்களில் கை பின்தங்கும், வாசிப்பவர் அறியாமலே முன்னதாகப் பிக் அடிக்கத் தொடங்குவார். பதிவின்போது மாஸ்டரில் உள்ள லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற முன்னோக்கிப் பார்த்துத் தாமதம் சேர்க்கும் பிளக்இன்களை அணைத்துவிட்டு, பஃபரை 64க்கு இறக்கி வாசியுங்கள். கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்றால் மற்ற டிராக்குகளை ஒரே ஸ்டீரியோ கோப்பாக எடுத்து, புது செஷனில் அதன்மேல் லீடை வாசிக்கலாம். லைன் 6 ஹீலிக்ஸ், கெம்பர் போன்ற, ஆம்ப் ஒலியைத் தாமே தரும் தனிக் கருவிகள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கின்றன, மேடைக்கும் அதே டோனோடு போகலாம். வீட்டுக்குள் மட்டும் வாசிப்பவருக்கு அவை கட்டாயமில்லை.

இன்புட் அளவை மாற்றினால் டிஸ்டார்ஷன் மாறும். இன்டர்ஃபேஸில் கெயினை 10 டெசிபெல் ஏற்றினால், ஆம்ப் முன்னால் 10 டெசிபெல் பூஸ்டர் பெடல் வைத்ததற்குச் சமம். எந்த அளவை எதிர்பார்த்து மாடல் செய்யப்பட்டது என்று பிளக்இன்னின் கையேடு சொல்லும், அதை உங்கள் இன்டர்ஃபேஸின் விவரக்குறிப்போடு ஒப்பிட்டு ஒருமுறை சரிசெய்துவிட்டால் "இந்த ப்ரீசெட் ஏன் என்னிடம் மட்டும் சகதியாகக் கேட்கிறது" என்ற கேள்வி எழாது. மற்றொரு வழக்கமான பிழை, ஏற்கெனவே கேபினெட் உள்ள பிளக்இன்னின் பின்னால் இன்னொரு ஐஆர் போடுவது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

லீடுக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. அதிக கெயினில், 20ஆவது ஃபிரெட் அருகே மெதுவாக ஒரு முழு பெண்ட் இழுத்துக் கேளுங்கள். நோட் மேலே ஏறும்போது பின்னணியில் மெல்லிய விசில் ஒன்று கீழே இறங்கினால் அது ஏலியாசிங் (டிஜிட்டல் கணக்கீட்டில் பிறக்கும் பொய் ஒலி). பிளக்இன்னில் ஓவர்சாம்பிளிங்கை (அதிக சாம்பிளில் கணக்கிடுவது) 4 மடங்குக்கு வைத்தால் பெரும்பாலும் மறையும். கம்ப்யூட்டர் சுமை ஏறும் என்பதால் வாசிக்கும்போது அணைத்துவிட்டு, கடைசியில் ரெண்டர் செய்யும்போது மட்டும் போட்டால் போதும்.

முடிவெடுக்காமையைப் பற்றி: டோனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வசதி லீடுக்கு நல்லதல்ல. கெயின் குறைந்த டோனில் வாசிப்பவர் பலமாக அடிப்பார், வைப்ராட்டோவை அகலமாக்குவார். அதே டேக்கை அதிக கெயினில் ஓடவிட்டால் ஒவ்வோர் உரசலும் வெளியே வரும். எந்த டோனைக் கேட்டு வாசித்தீர்களோ, அதை அன்றே ஆடியோவாகப் பிரின்ட் செய்து, டிஐ டிராக்கை ஒளித்து வையுங்கள்.

ரீஆம்பிங் பற்றிச் சுருக்கமாக. டிஐயைப் பிறகு உண்மையான ஆம்புக்கு அனுப்ப ரீஆம்ப் பாக்ஸ் தேவை, இன்டர்ஃபேஸின் லைன் அவுட் நேராக ஆம்புக்கு மிகப் பலமானது. ஃபஸ் பெடல் (கரடுமுரடான டிஸ்டார்ஷன் தருவது) உள்ள சோலோவுக்கு இது ஒத்துவராது. பல ஃபஸ் பெடல்கள் பிக்கப்போடு நேரடியாகப் பிணைந்து வேலை செய்பவை. வால்யூம் நாபைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கும் வாசிப்பு அதில் தொலைந்துபோகும்.

யாருக்கு எது

மெதுவான, நோட்கள் நின்று பாடும் சோலோ, சத்தம் போட இடமும் இருக்கிறது: மைக். இடம் இல்லை, பழகிய டியூப் ஆம்ப் இருக்கிறது: ரியாக்டிவ் லோட் பாக்ஸ். வேகமான சோலோ, சிறிய அறை, அல்லது பாட்டின் வடிவமே இன்னும் முடிவாகவில்லை: பிளக்இன். டியூப் ஆம்பே இல்லாதவர் லோட் பாக்ஸுக்காக ஒன்று வாங்குவது பண விரயம், அந்தப் பணத்தில் கிட்டாருக்கு நல்ல செட்டப் செய்து, ஹை-இசட் இன்புட் தரமாக உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கலாம். சிறிய அறையில் முணுமுணுக்கும் அளவுக்கு ஆம்பை இறக்கி மைக் வைப்பதுதான் மூன்றிலும் மோசமான சமரசம். பவர் டியூப்பும் வேலை செய்யாது, ஸ்பீக்கரும் அசையாது, ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் மட்டும் மைக்கில் சேரும்.

மூன்றிலும் பொதுவானது: கெயினைத் தனியாக வாசித்துப் பிடித்த இடத்திலிருந்து கால் பங்கு குறையுங்கள். டிஸ்டார்ஷன் ஏறும்போது பிக் அடியின் முனை மழுங்கும், நோட்டுக்கும் நோட்டுக்கும் இடையே வித்தியாசம் போய்விடும். இரண்டு ஸ்ட்ரிங்கை ஒன்றாகப் பெண்ட் செய்யும் இடங்களில் இரண்டு நோட்களும் மோதிப் புதிய, சுருதி சேராத ஒலிகள் பிறக்கும். சஸ்டெய்ன் போதவில்லை என்றால் முன்னால் ஒரு கம்ப்ரஸர் பெடல் வைப்பது கெயின் ஏற்றுவதைவிடச் சுத்தம்.

மிக்ஸில் வரும் தேர்வுகள்

ஒரே டிராக்கா, டபுளா (அதையே இரண்டு முறை வாசித்து அடுக்குவது)? சோலோவுக்கு ஒரே டிராக், நடுவில். டபுள் செய்தால் இரண்டு டேக்கிலும் பெண்டின் உயரமும் வைப்ராட்டோவின் வேகமும் அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் சுருதி கலங்கியது போல இருக்கும். முன்கூட்டி எழுதப்பட்ட மெலடிக்கு டபுள் அழகு, மனம் போன போக்கில் வாசித்த சோலோவுக்கு வேண்டாம். அதே டிராக்கை நகலெடுத்து 15 மில்லி விநாடி தள்ளி இடம் வலமாகப் போடும் குறுக்குவழியையும் தவிர்க்கலாம். மோனோவில் கேட்டால் 33 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ், 167 ஹெர்ட்ஸ் என்று 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும், போனின் ஒற்றை ஸ்பீக்கரில் லீட் குழாய்க்குள் ஒலிப்பது போல இருக்கும்.

லீடை ஏற்றுவதா, மற்றதை இறக்குவதா? இறக்குவதே முதலில். சோலோ நேரத்தில் மட்டும் ரிதம் கிட்டார்களில் 1 முதல் 2.5 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபெல் ஆட்டோமேஷனில் (குறித்த நேரத்தில் அளவு தானே மாறும் வசதி) குறைத்தால், லீட் ஃபேடரைத் தொடாமலே முன்னே வந்து நிற்கும். அதன் பிறகும் போதவில்லை என்றால் ஏற்றுங்கள்.

ஈக்யூவில், ரிதம் கிட்டாருக்குச் சொல்லும் எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. மூன்றாவது ஸ்ட்ரிங்கைத் திறந்து அடித்தாலே 196 ஹெர்ட்ஸ். சோலோ அதற்குக் கீழே போவது அரிது என்றால் ஹைபாஸை (கீழ் ஒலிகளை வெட்டும் ஃபில்டர்) 120, 150 ஹெர்ட்ஸ் வரைகூட ஏற்றலாம், டிரம்முக்கும் பாஸுக்கும் இடம் கிடைக்கும். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் குத்தும் ஒரு குறுகிய முனை பெரும்பாலும் இருக்கும், தேடி 3 டெசிபெல் குறையுங்கள். 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது அநேகமாக டிஸ்டார்ஷனின் இரைச்சல், லோபாஸ் (மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்டர்) போட்டால் எதுவும் இழப்பில்லை. மூக்கடைப்பு போல் கேட்கிறதே என்று 800 ஹெர்ட்ஸை வெட்டுவதில் மட்டும் நிதானம் வேண்டும். முதல் ஸ்ட்ரிங்கின் 15ஆவது ஃபிரெட் 784 ஹெர்ட்ஸ், 22ஆவது 1175. கீழ் நோட்களுக்காக அங்கே வெட்டினால், உச்சத்தில் பாடும் நோட்களின் அடிப்படை ஒலியையே வெட்டியதாகும், சோலோவின் உச்சகட்டம் மெலிந்து போகும். கீழ்ப் பகுதிக்கு மட்டும் ஆட்டோமேஷனில் வெட்டுங்கள், அல்லது டைனமிக் ஈக்யூ (அங்கே ஒலி மிகும்போது மட்டும் வெட்டுவது) போடுங்கள்.

டிஸ்டார்ஷன் உள்ள லீட் ஏற்கெனவே அமுக்கப்பட்டது. கம்ப்ரஸரில் 2, 3 டெசிபெல் போதும், அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மில்லி விநாடி அருகே வைத்தால் பிக் முனை தப்பிக்கும். கிளீன் லீடுக்கு 4:1 விகிதத்தில் 5 டெசிபெல் வரை போகலாம். அதற்கு மேல் தேவைப்படுவதை ஃபேடர் ஆட்டோமேஷனில் கையால் செய்வதுதான் சிறந்தது. வரியின் கடைசி நோட் அணையும்போது 2 டெசிபெல் ஏற்றிவிட்டால், கேட்பவர் அதைச் சஸ்டெய்ன் என்றே எடுத்துக்கொள்வார்.

டிலேயா, ரிவெர்பா? லீடுக்கு முதலில் டிலே. ரிவெர்ப் லீடைப் பின்னுக்குத் தள்ளும், டிலே அதை முன்னாலேயே நிறுத்திப் பின்னால் ஆழம் சேர்க்கும். 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். 96 என்றால் 625, அதன் முக்கால் பங்கு 469. மெதுவான சோலோவுக்கு முழுத் தட்டு, ஓட்டமுள்ள சோலோவுக்கு முக்கால். ரிப்பீட்டுகளை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, லீடைவிட 12 முதல் 15 டெசிபெல் கீழே வையுங்கள். டிலேக்குப் பின்னால் ஒரு கம்ப்ரஸர் வைத்து, அதை உலர்ந்த லீடால் சைட்செயின் செய்தால் (லீட் ஒலிக்கும்போது கம்ப்ரஸர் டிலேயை அமுக்கும்படி இணைத்தால்) வாசிக்கும்போது டிலே அடங்கி, இடைவெளியில் மட்டும் எழும். அதன் பிறகு பிளேட் ரிவெர்ப், 2 விநாடி நீளம், 60 மில்லி விநாடி ப்ரீடிலே (ரிவெர்ப் தொடங்குமுன் இடைவெளி), தனியாகக் கேட்கத் தெரியாத அளவு. வாசிக்கும்போது காதுக்கு டிலே தாராளமாக இருக்கட்டும், அது கையைத் தளர்த்தும், பதிவில் மட்டும் சேர்க்க வேண்டாம். வா பெடல், ஓவர்டிரைவ், ஃபஸ் மூன்றையும் பதிவோடு சேர்த்தே எடுங்கள், அவை வாசிப்பின் பகுதி.

சோலோ முடிந்து குரல் நுழையும் இடத்தை மறக்க வேண்டாம். கடைசி நோட்டின் டிலே வால் பாடகரின் முதல் சொல்லின் மேல் விழும். முழுத் தட்டு டிலே என்றால் குரலுக்கு இரண்டு தட்டு முன்பே சென்டை (டிலேக்கு லீடை அனுப்பும் அளவு) மூடி, டிலே திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஃபீட்பேக் அளவையும் பாதியாக்குங்கள். முதல் சொல் தெளிவாக வரும் வரை மிகக் குறைந்த வால்யூமில், மோனோவில், அந்த இடத்தைச் சுற்றிய நான்கு தட்டுகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிசெய்யுங்கள்.